‘13 கேமராஸ்’ பார்த்துவிட்டு நீங்கள் கேட்ட கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு நண்பர் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ‘13 கேமராஸ்’ என்ற படத்தைப் பார்த்தோம். படம் முடிந்து விளக்கைப் போட்ட பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. வந்திருந்தவர்களில் பாதிப்பேர் யாரோ ஒருவருடைய வீட்டின் பின்பக்க அவுட்பில்டிங்கில், அதாவது தனியாகக் கட்டிய ரூமில், வாடகைக்கு இருப்பவர்கள். கோவிலில் வேலை பார்க்கும் ஒரு குடும்பம், துணிக்கடையில் நிற்கும் பையன்கள், படிக்க வந்த ஒரு பெண். எல்லோருக்கும் அவரவர் ரூமின் கூரை ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

நான் தூத்துக்குடியிலிருந்து டர்பனுக்கு வந்து 12 வருஷம் ஆகிறது. அலாரம், கேமரா மாட்டுவதுதான் தொழில். அன்று ராத்திரி ஆரம்பித்த கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. என்னிடம் கேட்கத் தயங்கிய பெண்கள் என் மனைவியிடம் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். சட்டம் பற்றிச் சொல்வதெல்லாம் தென்னாப்பிரிக்கச் சட்டம்.

நான் அன்று வரவில்லை. படத்தின் கதை என்ன?

2015-இல் வந்த அமெரிக்கப் படம். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி ஒரு வீட்டுக்கு வாடகைக்கு வருகிறது. மனைவி கர்ப்பமாக இருக்கிறாள். வீட்டின் ஓனர் ஒரு வயதான, அதிகம் பேசாத ஆள். அவர் வீடு முழுக்கக் கேமராக்களை ஒளித்து வைத்து, அவர்கள் வாழ்வதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார். கணவனுக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு இருப்பது மனைவிக்கு முன்பே அந்த ஓனருக்குத் தெரிந்துவிடுகிறது. முடிவை நான் சொல்லப் போவதில்லை. 2018-இல் இதன் தொடர்ச்சியாக ‘14 கேமராஸ்’ வந்தது. அதில் விடுமுறைக்கு வீடு எடுத்துத் தங்கும் குடும்பத்தின் காட்சிகள் இணையத்தில் அந்நியர்களுக்குப் போகின்றன.

ரத்தம் தெறிக்கும் பேய்ப்படம் இல்லை இது. பயம் வேறு இடத்திலிருந்து வருகிறது. அந்த ஓனர் பூட்டை உடைத்து வரவில்லை. அவர் கையில் சாவி இருக்கிறது.

அண்ணே, இதெல்லாம் நிஜத்தில் நடக்குமா?

நடந்திருக்கிறது. 2019 மார்ச்சில் தென்கொரியா போலீஸ் ஒரு கும்பலைப் பிடித்தது. 30 மோட்டல்களில் 42 அறைகளில் டிவி பெட்டி, சுவர் பிளக், ஹேர்டிரையர் மாட்டும் தாங்கி இவற்றுக்குள் கேமரா வைத்து, சுமார் 1,600 பேரைப் படம் பிடித்து இணையத்தில் நேரலையாகக் காசுக்குக் காட்டியிருந்தார்கள்.

இன்னொன்று என் தொழிலைச் சேர்ந்தது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் வீடுகளுக்குக் கேமரா மாட்டிக்கொடுத்த ஒரு டெக்னீஷியன், வாடிக்கையாளர்களின் கணக்கில் தன்னுடைய மின்னஞ்சலையும் சேர்த்து வைத்தார். சுமார் 200 வீடுகள். நான்கரை வருஷத்தில் 9,600 தடவைக்கு மேல் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறார். 2021-இல் 52 மாதச் சிறை. அவர் எதையும் ஹேக் செய்யவில்லை. எதையும் ஒளித்து வைக்கவும் இல்லை. அந்தக் குடும்பங்கள் பாதுகாப்புக்காகத் தாங்களே காசு கொடுத்து வாங்கிய கேமராக்கள் அவை. கணக்கில் ஒரு பெயர் கூடுதலாக இருந்தது, அவ்வளவுதான்.

நீங்கள் கேட்ட கேள்விகளில் முக்கால்வாசிக்கு என் பதில் இதில்தான் அடங்கியிருக்கிறது. கேமரா எங்கே இருக்கிறது என்று தேடுகிறீர்கள். தேடுங்கள், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால், கண்ணுக்குத் தெரிந்த கேமரா யார் கணக்கில் இருக்கிறது என்று கேளுங்கள்.

ஒரு வீட்டில் 13 கேமரா வைத்து இரவும் பகலும் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் படத்தில் தெரிவதுபோல் அவ்வளவு சுலபமில்லை. ஒரு சாதாரணக் கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் ஓடினால் ஒரு நாளைக்குச் சுமார் 21.6 ஜிபி. 13 கேமராவுக்கு 280 ஜிபி. 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாரத்தில் நிறைந்துவிடும். வயர் இழுக்க வேண்டும், கரண்ட் கொடுக்க வேண்டும். அதனால் இப்படிச் செய்கிற ஆள் வீட்டுக்குள் பலமுறை, நேரம் எடுத்து வேலை பார்த்திருக்க வேண்டும். நீங்கள் கவனிக்க வேண்டியது அதைத்தான்: நீங்கள் இல்லாதபோது யார் வந்தார்கள், என்ன ‘ரிப்பேர்’ நடந்தது.

படம் சரியாகக் காட்டியது ஒன்று உண்டு. பார்க்கிறவன் ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம் பார்த்தாலும் போதும். நீங்கள் எத்தனை மணிக்கு வருவீர்கள், யாரோடு பேசுவீர்கள், எப்போது தனியாக இருப்பீர்கள் என்று அவன் மனப்பாடம் செய்துவிடுவான்.

எங்கள் ஓனர் கேட்டிலும் டிரைவ்வேயிலும் கேமரா வைத்திருக்கிறார். அது சட்டப்படி சரியா?

கேட், டிரைவ்வே, பொது வாசல் இவற்றில் பாதுகாப்புக்காக வைப்பது இங்கே சர்வ சாதாரணம். திருட்டு பயம் உள்ள ஊர். நானே நூற்றுக்கணக்கில் மாட்டியிருக்கிறேன். ஆனால் உங்கள் ரூமுக்குள்ளோ, உங்கள் ஜன்னல் வழியாக உள்ளே பார்க்கும்படியோ, பாத்ரூம் பக்கமோ வைக்க அவருக்கு உரிமை கிடையாது. வாடகை வீட்டுச் சட்டம் (1999-இன் 50ஆம் எண் சட்டம்) வாடகைக்காலம் முழுவதும் உங்களுக்குத் தனிமை உரிமை உண்டு என்று சொல்கிறது. ஓனர் வீட்டைச் சோதித்துப் பார்க்க வரலாம், ஆனால் முன்கூட்டித் தகுந்த தகவல் கொடுத்துவிட்டு, நியாயமான முறையில்தான் வர வேண்டும். சாவி இருக்கிறது என்பதற்காக நினைத்த நேரத்தில் திறந்துகொண்டு வர முடியாது.

இந்த மாதிரித் தகராறுக்கு வாடகை வீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. டர்பன் இருக்கும் குவாசுலு-நாட்டால் மாகாணத்துக்கும் உண்டு. புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை. ஆனால் கேமரா ரூமுக்குள் கிடைத்தால் அது வாடகைத் தகராறு இல்லை, குற்றம். அதைக் கீழே சொல்கிறேன்.

வாடகைக்குப் போகும்போதே ஓனரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “அங்கிள், எத்தனை கேமரா இருக்கு? எதெல்லாம் எங்க பக்கம் பார்க்குது?” நல்ல மனிதர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார். கேட்டதற்கே கோபப்படுகிறவர் வீட்டுக்கு நான் என் குடும்பத்தைக் குடிவைக்க மாட்டேன். பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

ரூமில் ஒளித்து வைத்த கேமராவை எப்படித் தேடுவது?

பலரும் ரூம் மூலையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. நீங்கள் எங்கே துணி மாற்றுகிறீர்களோ அங்கே போய் நில்லுங்கள். படுக்கையில் படுத்துப் பாருங்கள். அங்கிருந்து சுற்றிப் பார்த்து, எந்தெந்தப் பொருளுக்கு என்னைத் தெரியும் என்று யோசியுங்கள். கேமராவுக்கு நேர்க்கோடு வேண்டும். உங்களுக்கு அது தெரியாவிட்டால் அதற்கும் நீங்கள் தெரிய மாட்டீர்கள். இதிலேயே தேட வேண்டிய இடம் கால்வாசியாகக் குறைந்துவிடும்.

அப்புறம் விளக்கை அணைத்து, ஜன்னலை மூடி, டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றுங்கள். லென்ஸ் கண்ணாடி என்பதால் ஒரு சின்னப் புள்ளியாகத் திருப்பி மின்னும். திருகாணித் தலையும் மின்னும்தான், கிட்டப் போய்ப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். இருட்டில் படம் பிடிக்கும் கேமராவுக்கு அகச்சிவப்பு விளக்கு வேண்டும். அது நம் கண்ணுக்குத் தெரியாமல் இருந்தாலும் போன் கேமராவில் வெளுத்த ஊதாப் புள்ளியாகத் தெரியலாம். முதலில் டிவி ரிமோட்டை அழுத்தி உங்கள் போனில் தெரிகிறதா என்று பாருங்கள். பின்கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள், பல போன்களில் அதில்தான் தெரியும்.

இங்கத்திய வீடுகளில் நான் குறிப்பாகப் பார்க்கும் இடங்கள்: சுவரின் மேல்பக்கம் இருக்கும் ஏர்பிரிக் துளைகள், அதாவது காற்று வருவதற்கான ஓட்டைச் செங்கல். சீலிங்கில் ஏறுவதற்கான டிராப்டோர், அதன் ஓரத்தில் புதிதாகப் போட்ட துளை. நீங்கள் வாங்காத மல்டிபிளக், சார்ஜர், கடிகாரம். பழைய அலாரம் சென்சார், அதாவது மூலையில் இருக்கும் அந்த வெள்ளைப் பெட்டி. அதன் முகப்பில் ஊசித்துளை இருக்கக் கூடாது. புகை எச்சரிக்கைக் கருவி நான் போன சாதாரண வீடுகளில் அபூர்வம், அதனால் ஒரு பின்பக்க ரூமில் படுக்கைக்கு நேர் மேலே புதிதாக ஒன்று மாட்டியிருந்தால் நான் கேள்வி கேட்பேன். பெயின்ட் பூசிய சுவரில் ஓரிடத்தில் மட்டும் புதுப் பூச்சு இருந்தாலும் அப்படித்தான்.

வைஃபையில் எந்தெந்தக் கருவி இணைந்திருக்கிறது என்று காட்டும் ஆப்கள் உண்டு. உதவும், ஆனால் அதை நம்பி நிம்மதியாகிவிடாதீர்கள். மெமரி கார்டில் மட்டும் பதிவு செய்யும் கேமரா வைஃபையில் தெரியவே தெரியாது. கடையில் விற்கும் மலிவான ‘டிடெக்டர்’ கருவியும் எதற்கெடுத்தாலும் கத்தும். டார்ச்சும் பொறுமையும்தான் என் கருவி.

கிடைத்துவிட்டால் என்ன செய்வது?

பிடுங்காதீர்கள், உடைக்காதீர்கள். முதல் கோபத்தில் கை தானாகப் போகும், தெரியும். ஆனால் அது இருந்த இடத்தில் இருப்பதுதான் சாட்சி. முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்காமல், பக்கவாட்டிலிருந்து துணி ஒன்றைப் போட்டு மூடுங்கள். போனில் படம், வீடியோ எடுங்கள்: ரூம் முழுவதும் ஒன்று, கிட்டத்தில் ஒன்று. நேரத்தைக் குறித்து, நம்பும் ஒருவருக்கு உடனே அனுப்பி வையுங்கள். அன்றிரவு அங்கே தூங்க வேண்டாம். போலீஸ் எண் 10111-ஐக் கூப்பிடுங்கள், அல்லது ஸ்டேஷனுக்கு நேரில் போங்கள். இரண்டு பேராகப் போங்கள். கேஸ் எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள். ஓனரிடம் முதலில் போய்ச் சண்டை போட்டால், போலீஸ் வருவதற்குள் சுவரில் துளை மட்டும்தான் மிச்சமிருக்கும்.

அந்தரங்கப் படத்தை அனுமதியில்லாமல் வெளியிடுவது சைபர் குற்றச் சட்டப்படி (2020-இன் 19ஆம் எண், 2021 டிசம்பர் 1 முதல் நடைமுறையில்) தனிக் குற்றம். ஒட்டுக்கேட்பதும் அப்படியே. ரூமில் நீங்கள் பேசுவதை, அந்தப் பேச்சில் பங்கில்லாத ஒருவர் கருவி வைத்துப் பதிவு செய்வதை 2002-இன் 70ஆம் எண் சட்டம் தடை செய்கிறது. இங்கே ‘ரிக்கா’ என்று சொல்வார்களே, சிம்கார்டு வாங்கும்போது முகவரி கேட்கும் அதே சட்டம்தான். பல கேமராக்களில் மைக் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஹேக்கர்கள் வெளிநாட்டிலிருந்து நம் கேமராவுக்குள் வர முடியுமா?

பாஸ்வேர்டை மாற்றாவிட்டால் முடியும். 2016-இல் ‘மிராய்’ என்ற வைரஸ் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும், கேமரா காட்சியைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டிகளையும் பிடித்துக்கொண்டது. கம்பெனியிலிருந்து வந்தபடியே விட்ட பாஸ்வேர்டுகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தது, அவ்வளவுதான் அதன் திறமை. இன்றும் சில வீடுகளில் டிவிஆர் மேலேயே பாஸ்வேர்டை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டியிருப்பதைப் பார்க்கிறேன். மாற்றுங்கள். இரண்டு கட்ட உறுதிப்படுத்தல், அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கும் வசதி, இருந்தால் போடுங்கள்.

வீட்டில் கேமரா நாங்களே போட்டது. யார் கணக்கில் இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது?

ஆப்பைத் திறந்து ‘ஷேரிங்’ அல்லது ‘யூசர்ஸ்’ என்ற இடத்துக்குப் போங்கள். அங்கே இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும், ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் முகம் தெரிய வேண்டும். தெரியாத ஒன்று இருந்தால் முதலில் ஸ்கிரீன்ஷாட், பிறகு நீக்கம். அடுத்து ‘லாகின் டிவைசஸ்’ பட்டியல். பழைய போன், விற்ற போன், மாட்டிக்கொடுத்தவரின் போன் எல்லாம் அங்கே உட்கார்ந்திருக்கும்.

டிவிஆர் பெட்டிக்குத் தனியாகப் பயனர் பட்டியல் உண்டு. மாட்டிய ஆள் தனக்கென்று ஒரு பெயர் வைத்திருக்கலாம், சர்வீஸுக்கு வசதி என்பார். நான் அப்படி வைப்பதில்லை. வேலை முடிந்ததும் வாடிக்கையாளர் கையில் பெட்டியைக் கொடுத்து, நான் திரும்பி நின்றுகொண்டு, அவரையே புதுப் பாஸ்வேர்டு அடிக்கச் சொல்வேன். உங்கள் வீட்டுக்கு வருகிறவரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று கேளுங்கள். இங்கே பாதுகாப்புக் கருவி மாட்டுகிறவர்கள் ‘சைரா’ என்ற அரசு ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன், ஊர் பேர் வேண்டாம். ஒரு பெண் வேலை முடிந்து வரும் நேரமெல்லாம் ஓனரின் மகன் கேட்டருகே நிற்பான். தற்செயல் என்றுதான் ஆறு மாதம் நினைத்தாள். “இன்னிக்கு லேட் ஆயிடுச்சா?” என்று ஒருநாள் கேட்டிருக்கிறான். என் மனைவியிடம் சொல்லி அழுதாள். நான் போய்ப் பார்த்தபோது ரூமில் ஒன்றும் இல்லை. வாசல் கேமராதான், ஓனர் எல்லோருக்கும் தெரிந்தே வைத்தது. ஆனால் அவளுடைய கதவு அசைந்தால் மகனின் போனில் மணி அடிக்கும்படி அவன் அமைத்திருந்தான். ஓனர் அம்மாவுக்கே அது தெரியாது. தெரிந்ததும் அந்த அம்மா மகனின் போனை வாங்கி எங்கள் முன்னாலேயே ஆப்பை அழித்தார். ஆனாலும் அந்தப் பெண் அடுத்த மாதமே வேறு வீட்டுக்குப் போய்விட்டாள். போனது சரி என்றுதான் நினைக்கிறேன்.

அக்கா, என் கணவர் ஹாலில் கேமரா வைத்திருக்கிறார். நான் வெளியே கிளம்பினால் உடனே போன் வருகிறது. இது தப்பா, இல்லை பாசமா?

என் மனைவியிடம் மூன்று பேர் வெவ்வேறு வார்த்தையில் இதைக் கேட்டார்கள். படத்தைவிட இந்தக் கேள்விதான் என்னை அதிகம் கலங்க வைத்தது.

பாசமா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அதே கேமராவை நீங்களும் உங்கள் போனில் பார்க்க முடிகிறதா? அணைத்து வைக்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா? அணைத்தால் வீட்டில் என்ன நடக்கும்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லவே உங்களுக்குப் பயமாக இருந்தால், உங்களுக்கு விடை தெரிந்துவிட்டது.

குடும்ப வன்முறைச் சட்டம் (1998-இன் 116ஆம் எண்) அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. பின்தொடர்வது, கட்டுப்படுத்துவது, மிரட்டி வழிக்குக் கொண்டுவருவது எல்லாம் அதில் வருகிறது. 2023 ஏப்ரல் 14 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதை இன்னும் விரிவாக்கியது. கணவன் மட்டுமில்லை, முன்னாள் கணவன், நிச்சயம் செய்தவர், காதலர், கூட வாழ்ந்தவர், மாமனார் மைத்துனர் போன்ற சொந்தங்கள் எல்லோருக்கும் பொருந்தும். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். அவசரமென்றால் நீதிமன்ற நேரத்துக்கு வெளியேயும் கேட்கலாம்.

ஒரு எச்சரிக்கை, தயவு செய்து இதை இரண்டு தடவை படியுங்கள். இப்படிப்பட்ட வீட்டில் கேமராவையோ போனில் இருக்கும் உளவு ஆப்பையோ திடீரென்று அழித்தால் அவருக்கு உடனே தெரிந்துவிடும். கோபம் அப்போதுதான் உச்சத்துக்குப் போகும். முதலில் போக ஒரு இடம், பாஸ்போர்ட், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கொஞ்சம் கைக்காசு இவை தயாராகட்டும். உதவி தேடுவதை உங்கள் போனில் செய்யாதீர்கள், தோழியின் போனில் செய்யுங்கள். 0800 428 428 என்ற எண் பெண்கள் மீதான வன்முறைக்கான அரசு உதவி மையம், இலவசம், 24 மணி நேரமும் உண்டு. எங்கள் வீட்டுக் கதவும் திறந்துதான் இருக்கும் என்று என் மனைவி எழுதச் சொன்னாள்.

சொந்தமும் இல்லை, பழக்கமும் இல்லை. ஒரு ஆள் வேலைக்குப் போகும் வழியெல்லாம் வருகிறான், வீட்டெதிரே நிற்கிறான். போலீஸ் எடுத்துக்கொள்வார்களா?

இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது: தொல்லையிலிருந்து பாதுகாப்புச் சட்டம், 2011-இன் 17ஆம் எண், 2013 ஏப்ரல் 27 முதல் நடைமுறையில். பின்தொடர்வது, கவனித்துக்கொண்டிருப்பது, நீங்கள் இருக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்தருகே சுற்றுவது, வேண்டாத மெசேஜ் அனுப்பிக்கொண்டே இருப்பது எல்லாம் இதில் உண்டு. அவன் உங்களைத் தொட்டிருக்க வேண்டும் என்று அவசியமில்லை. மனதுக்கு ஏற்படும் பாதிப்பும் பாதிப்புதான்.

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போய்ப் பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பம் கேளுங்கள். சாட்ஸ்வர்த்திலேயே நீதிமன்றம் இருக்கிறது, வெருலத்தில் இருக்கிறது, டர்பன் நகரில் சோம்ட்செயு ரோட்டில் இருக்கிறது. வக்கீல் கட்டாயமில்லை, விண்ணப்பத்துக்குக் கட்டணமில்லை. ஆணையை எதிராளியிடம் சேர்ப்பதற்குச் செலவு வரலாம், கட்ட முடியாத நிலை என்றால் அதை கிளார்க்கிடம் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அப்போதே சொல்லுங்கள். ஆபத்து உடனடி என்று மாஜிஸ்திரேட் நினைத்தால், எதிராளிக்குச் சொல்லாமலேயே இடைக்கால ஆணை போட முடியும்.

ஆணையோடு சேர்த்துக் கைது வாரண்டும் எழுதி நிறுத்தி வைக்கப்படும். அவன் மீறினால் அந்த வாரண்டோடு போலீசிடம் போகலாம். மீறியதற்கு அபராதம் அல்லது 5 வருஷம் வரை சிறை. நீதிமன்றம் வேறு காலம் சொல்லாவிட்டால் ஆணை 5 வருஷம் நிற்கும்.

அவன் பெயரே தெரியாது, வெறும் நம்பர்தான் இருக்கிறது.

அப்போதும் விண்ணப்பிக்கலாம். அந்த எண்ணுக்கு உரியவரின் விவரத்தைக் கொடுக்கும்படி தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு நீதிமன்றம் உத்தரவிட முடியும், ஆளை அடையாளம் காணச் சொல்லி போலீசுக்கும் உத்தரவிட முடியும். நீங்கள் செய்ய வேண்டியது மெசேஜ்களை அழிக்காமல் வைத்திருப்பது. அருவருப்பாக இருக்கும், தெரியும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, நேரம், இடம், யார் கூட இருந்தார்கள் என்று தமிழிலேயே எழுதி வையுங்கள்.

பதினெட்டு வயதாகாத பிள்ளைகள் அப்பா அம்மா துணையில்லாமலேயே இந்த ஆணையைக் கேட்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் சொல்லப் பயப்படும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எங்களுக்கு விசா சிக்கல். நீதிமன்றத்துக்குப் போகலாமா?

இந்த நாட்டு அரசியலமைப்பின் 14ஆம் பிரிவு, தனிமை உரிமை ‘எல்லோருக்கும்’ உண்டு என்று ஆரம்பிக்கிறது. குடிமக்களுக்கு என்று சொல்லவில்லை. பாதுகாப்பு ஆணைக்கும் குடியுரிமை நிபந்தனை இல்லை. ஆனால் உங்கள் காகிதத்தில் சிக்கல் இருந்தால் முதலில் ஒரு வக்கீலிடமோ சட்ட உதவி மையத்திலோ பேசிவிட்டுப் போங்கள். “போலீசுக்குப் போனா உன்னை ஊருக்கு அனுப்பிடுவாங்க” என்று தொல்லை கொடுக்கிறவனே சொல்வான். அவன் வாயிலிருந்து வரும் சட்டத்தை நம்பாதீர்கள்.

ஓனர் வைஃபையில்தான் இருக்கிறோம். வாட்ஸ்அப்பை அவர் படிக்க முடியுமா?

வைஃபை வழியாகப் படிக்க முடியாது. எந்தெந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது மட்டும் ஓரளவு தெரியலாம். ஆனால் உங்கள் போன் இரண்டு நிமிஷம் அவர் கையில் இருந்திருந்தால் வாட்ஸ்அப்பில் ‘லிங்க்ட் டிவைசஸ்’ என்ற இடத்தைப் பாருங்கள். தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் உடனே வெளியேற்றுங்கள்.

நாம் எங்கே போகிறோம் என்று காட்டும் டிராக்கரைப் பையில் வைத்துவிட்டால்?

ஆப்பிள் ஏர்டேக் போன்றவை உங்களோடு சேர்ந்து நகர்ந்தால் ஐபோன் தானாகவே எச்சரிக்கும். ஆண்ட்ராய்டிலும் 2023 முதல் அந்த எச்சரிக்கை வந்துவிட்டது, செட்டிங்ஸில் போய் நீங்களாகவும் தேடச் சொல்லலாம். காரில் சக்கரத்தின் மேல்வளைவு, பம்பரின் உள்பக்கம், சீட்டுக்கு அடியில் கையால் தடவிப் பாருங்கள். கிடைத்தால் நேராக வீட்டுக்குப் போகாமல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள்.

பக்கத்து வீட்டுக் கேமரா எங்கள் ஜன்னலைப் பார்க்கிறது.

முதலில் நேரில் போய்ப் பேசுங்கள். என் அனுபவத்தில் பத்தில் எட்டு பேருக்கு அது தெரிந்திருக்கவே இல்லை, திருப்பி வைத்துவிடுவார்கள். பல கேமராக்களில் ஒரு பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ‘போப்பியா’ என்ற தனிநபர் தகவல் சட்டத்தைச் சிலர் சொல்வார்கள். அந்தச் சட்டம் முழுக்க முழுக்க வீட்டுச் சொந்த உபயோகத்தை விட்டுவிடுகிறது, அதனால் அதை மட்டும் நம்பிப் போக வேண்டாம். வேண்டுமென்றே பார்க்கிறார் என்றால் மேலே சொன்ன தொல்லைச் சட்டம்தான் உங்கள் வழி.

வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தெரியாமல் கேமரா வைக்கலாமா?

என்னிடம் கேட்டால் நான் மாட்டித் தர மாட்டேன். குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவரிடம் சொல்லிவிட்டு வையுங்கள், எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். அவர் தங்கும் ரூமிலும், துணி மாற்றும் இடத்திலும், பாத்ரூமிலும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. படத்தில் அந்தக் கர்ப்பிணிப் பெண்ணுக்காக நாம் எல்லோரும் பதறினோம். நம் வீட்டில் தரை துடைக்கும் அம்மாவுக்கும் அதே உடம்பு, அதே கூச்சம்.

லோட்ஷெடிங்கில் (முறைவைத்துக் கரண்டை நிறுத்தும்போது) கேமரா வேலை செய்யுமா?

பேட்டரி இருந்தால் செய்யும், ரவுட்டருக்கும் சேர்த்து யுபிஎஸ் வேண்டும். கரண்ட் போனதால் கேமரா செத்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

பிள்ளைகளோடு இந்தப் படத்தைப் பார்க்கலாமா?

வேண்டாம். அந்தரங்கக் காட்சிகளும் வன்முறையும் இருக்கின்றன. பதின்ம வயதுப் பிள்ளைகளோடு படத்தைப் பார்ப்பதைவிட, அவர்கள் லேப்டாப் கேமரா மேல் ஒட்டுவதற்கு ஒரு ஸ்டிக்கர் கொடுத்து ஏன் என்று பேசுங்கள்.

அண்ணே, ரூம் முழுக்கத் தேடிவிட்டேன், ஒன்றும் இல்லை. ஆனாலும் படம் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை.

கேட்டது அந்தப் படிக்க வந்த பெண். இதற்கு டார்ச்சில் பதில் இல்லை. என் மனைவி போய் இரண்டு ராத்திரி அவளோடு படுத்தாள். கட்டிலைக் கதவு தெரியும்படி சுவர் பக்கம் மாற்றிப் போட்டார்கள். ஏர்பிரிக்குக்குக் கொசுவலைத் துணி ஒட்டினார்கள். ஓனரிடம் கேட்டு உள்பக்கம் தாழ்ப்பாள் ஒன்று நான் மாட்டினேன், 60 ரேண்ட் ஆனது. மூன்றாம் நாள் அவளே போன் செய்து, அக்கா இன்று வர வேண்டாம், நான் தனியாகப் படுத்துப் பார்க்கிறேன் என்றாள். காலையில் ஏழு மணிக்கு ஒரு மெசேஜ் வந்தது: “தூங்கிட்டேன்.”